வெண்ணெய்க்கை

ஒலிம்பிக்ஸுக்கு எங்கள் தீவிலிருந்து கிளம்பிய விமானத்தில் ஓடுகிறவர்கள் ஐந்து பேர், ஓடாதவர்கள் ஒன்பது பேர். ஓடாதவர்களுக்கு முன்வரிசையில் கால் நீட்டிக்கொள்ளும் இருக்கை. ஓடுகிற நாங்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அது இவர்களைப் பார்த்துச் சொன்னதுதான். ஒன்பது பேரில் மூன்று பேர் பெண்டாட்டிகள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த லூஸியன் அந்த விமானத்தில் இல்லை. பயிற்சியாளருக்கென்று ஒரே ஒரு அனுமதி அட்டைதான் வந்தது. அதைத் தடகளச் சங்கச் செயலாளர் ஃபோன்டனெல் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் கடைசியாக ஓடியது எப்போது என்று கேட்டால், மழைக்கு ஒதுங்க ஓடியதைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் போனது பெண்களுக்கான தொடர் ஓட்டத்துக்கு. நான்கு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். வெர்னீஸ் முதலில் கிளம்புவாள், அடுத்தது க்ளோட்டில். மூன்றாவது நான், எர்மினா. வளைவில் ஓடிவந்து, நேர்ப்பாதையில் காத்திருக்கும் ஜோஸெட்டிடம் நான் கோலைக் கொடுக்க, அவள் முடித்துவைப்பாள். ஐந்தாமவள் டெல்ஃபீன், மாற்று ஓட்டக்காரி, ஃபோன்டனெல்லின் அக்கா மகள். நல்ல பெண்தான். ஆனால் பயிற்சியில் அவள் கைக்குக் கோல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததே அபூர்வம்.

உலகத்தில் பதினாறு அணிகளுக்குத்தான் அங்கே இடம். செந்த் ஓடீல் என்ற எங்கள் தீவை வரைபடத்தில் பார்த்தால் ஈ உட்கார்ந்த கறை என்று விரலால் துடைத்துவிடுவார்கள். அந்தக் கறையிலிருந்து நான்கு பெண்கள் பதினாறுக்குள் வந்தோம் என்றால் அதற்குக் காரணம் எங்கள் கால் மட்டுமில்லை, ஒரு வார்த்தையும்தான். இந்தக் கதையே அந்த வார்த்தையால் வந்தது.

தொடர் ஓட்டத்தில் கோலை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். முன்னால் பார்த்தபடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்கிறவள் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் கணத்தில் கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். பாதி உலகம் அதற்கு ‘ஹேண்ட்’ என்றுதான் கத்தும். நாங்களும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம். ஒருமுறை பக்கத்துத் தீவுப் போட்டியில் எட்டுத் தடங்களிலும் ஒரே நேரத்தில் ‘ஹேண்ட், ஹேண்ட்’ என்று கூச்சல் கிளம்பியது. தன்னைக் கூப்பிடுவது யார் என்று தெரியாமல் ஜோஸெட் சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி விழித்தாள். கடைசியாக வந்தோம்.

திரும்பி வரும் படகில் அவளே சொன்னாள்.

“எங்கம்மா ‘ப்வான்’னு சொன்னா, தூக்கத்துலயே என் கை நீளும்டி. இனிமே அதையே கத்து.”

க்ளோட்டில் சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தாள். அவளுக்குப் படகு ஆகாது.

எங்கள் பத்வா மொழியில் ப்வான் என்றால் ‘இந்தா, பிடி’. தீவில் ஒவ்வொரு அம்மாவும் நாளெல்லாம் சொல்லும் வார்த்தை. பொரித்த ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டும்போதும் ப்வான். முதுகில் ஒன்று வைக்கும்போதும் ப்வான். வருவது ரொட்டியா அடியா என்று யோசிக்க நேரம் கிடையாது. கை தானாக நீண்டுவிட வேண்டும். பிறந்ததிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பயிற்சி அது. எட்டுத் தடங்களில் ஏழு பேர் ஹேண்ட் என்று கத்தட்டும், ப்வான் என்று ஒரு குரல் வந்தால் அது எங்கள் வீட்டுக் குரல். அந்தப் படகுக்குப் பிறகு நாங்கள் கோலைத் தவறவிட்டதே இல்லை.

இப்போது ஃபோன்டனெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாவது. சங்கத்துக்கு வரும் முன் அவர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். வகுப்பில் வாய்தவறிப் பத்வா பேசினால் வாசலில் சரளைக் கல்லின் மேல் முழங்காலிட வைப்பார். அவர் பேசும் ஆங்கிலம் இஸ்திரி போட்டது. எங்கும் ஒரு சுருக்கம் இருக்காது. அவருடைய அம்மா மீன் விற்றவள், பத்வாவைத் தவிர ஒரு வார்த்தை தெரியாதவள். இது தீவு முழுக்கத் தெரியும். தனக்கு மட்டும் தெரியாத மாதிரி அவர் நடந்துகொள்வார்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சித் திடலில் கோல் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் வேலியோரம் நின்று படம் எடுத்தான். நான் ப்வான் என்று கத்தவும் அவன் சிரித்துவிட்டு, அது என்ன, கெட்ட வார்த்தையா என்று ஃபோன்டனெல்லைக் கேட்டான். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் திருவிழாவில் ஒரு பாட்டுக்காரன் இந்த வார்த்தையை வைத்து இடுப்பை ஆட்டி ஒரு பாட்டுப் பாடினான். ஊரே ஆடியது, பாதிரியார் மட்டும் ஆடவில்லை. ஃபோன்டனெல்லுக்கு அந்த இடுப்புதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சுட்ட சீமைப்பலா மாதிரி கறுத்துவிட்டது.

மதியம் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“பெண்களே, நீங்கள் இங்கு ஒரு தேசத்தின் பிரதிநிதிகள். மீன் சந்தையின் பிரதிநிதிகள் அல்லர். நாளை ஓடுபாதை நெடுகிலும் ஒலிவாங்கிகள் இருக்கும். உலகம் செவிமடுக்கும். நாகரிகமான சொல் ஒன்றைப் பயன்படுத்துங்கள். ‘ஹேண்ட்’ என்று சொல்லுங்கள்.”

“சார், எட்டுத் தடத்துலயும் அதத்தான் சார் கத்துவாங்க” என்றேன். “யாரு யாரைக் கூப்பிடறாங்கன்னே தெரியாது.”

“அப்படியானால் அது உலகமே புரிந்துகொள்ளும் சொல் என்றுதானே பொருள்?”

“உலகத்துக்குப் புரிஞ்சு என்ன சார் பிரயோஜனம்?” என்றாள் க்ளோட்டில். “ஜோஸெட்டுக்குப் புரியணும்ல?”

வெர்னீஸ் சிரிப்பை அடக்க இருமினாள். ஃபோன்டனெல் சிரிக்கவில்லை. விரலை நேராக ஜோஸெட்டை நோக்கி நீட்டினார்.

“இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் இவள்தானே? நாளை காலைத் தகுதி ஓட்டத்தில் உங்களில் எவள் வாயிலிருந்து அது வந்தாலும் சரி, மாலை இறுதிச் சுற்றில் இவள் ஓடமாட்டாள். டெல்ஃபீன் ஓடுவாள்.”

“மாமா, எனக்குக் கோல் வாங்கவே…” என்று டெல்ஃபீன் ஆரம்பித்தாள்.

“நீ வாயை மூடு.”

அடுத்த நாள் காலை, வீரர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் நானும் ஜோஸெட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உலகத்துச் சாப்பாடெல்லாம் அங்கே இருந்தது, உப்பு மீனும் பச்சை வாழைக்காயும் மட்டும் இல்லை. நான் அவளிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

“நான் ப்வான்னுதான் கத்தப் போறேன். இறுதிச் சுற்றுக்குப் போயிட்டோம்னா அவரால ஒண்ணும் புடுங்க முடியாது. ஊரே செருப்பால அடிக்கும்.”

“முடியும்டி. உனக்கு அவரைத் தெரியாது. வேணாம் எர்மி, ஹேண்டுனே கத்து.”

“நீ குழம்பிப் போயிடுவ.”

“காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?” அவள் முட்டையைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. “நான் தோத்துட்டு வந்தாக்கூடப் பரவால்லடி. பேரு வாங்கிட்டு மட்டும் ஊருக்குப் போகக் கூடாது.”

அவள் எந்தப் பேரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் தீவில் பட்டப்பெயருக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நீ ஒருமுறை திரும்பிவிட்டால் அது உன்னுடையது. அப்புறம் கழுவினாலும் போகாது. சாகும் வரைக்கும் வரும், செத்த பிறகும் வரும். மதிய வானொலியில் சாவுச் செய்தி வாசிக்கும்போது ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிவிட்டு அதையும் சேர்த்து வாசிப்பார்கள், இல்லாவிட்டால் செத்தது யாரென்று யாருக்கும் தெரியாது.

ஜோஸெட்டின் அப்பா தேர்தல் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது பலகை உடைந்து தலைகுப்புற விழுந்தவர். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்த மனிதரை எவனோ “ஓய், தலைகீழ்!” என்று கூப்பிட, இவரும் வெகுளியாகத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். “பெல் ரோஷைச் சேர்ந்த திரு. ஆந்த்வான் மத்துரேன், ‘தலைகீழ்’ என்று நன்கறியப்பட்டவர்” என்று வானொலி வாசித்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். கல்லறையில் பெட்டியை இறக்கும்போது ஒருவன் “தலை எந்தப் பக்கம்னு பாத்து எறக்குங்கப்பா” என்றான். துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“எங்கம்மா அன்னிக்கு அழுகைய நிறுத்துனவங்கதான்” என்றாள் ஜோஸெட். “இன்னும் அழல. நான் கோலைக் கீழ போட்டா எனக்கு என்ன பேரு வெப்பாங்கன்னு நெனைச்சுப் பாரு.”

சரி என்றேன்.

ஓட்டத்தில் எங்களுக்கு நான்காவது தடம். காலை மழை நின்று பாதை பளபளத்தது. வெர்னீஸ் துப்பாக்கிச் சத்தத்தோடு கிளம்பினாள், அவளுக்குக் கிளம்புவது மட்டும்தான் வாழ்க்கையில் பிடித்த விஷயம். க்ளோட்டிலுக்குக் கோல் போய்ச் சேர்ந்தது. க்ளோட்டிலிடமிருந்து எனக்கும் வந்தது. அந்த இரண்டு இடத்திலும் தடங்கள் முன்னும் பின்னுமாகத் தள்ளி இருக்கும், கூச்சல் கலக்காது. நேர்ப்பாதைக்குத் திரும்பும் இடத்தில்தான் எட்டுப் பேரும் ஒரே வரிசையாக வந்து விழுவோம்.

வளைவில் நான் ஓடியதைப் போல வாழ்க்கையில் ஓடியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, படம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மூன்றாம் தடத்துக்காரியைத் தாண்டினேன், ஆறாம் தடத்துக்காரியைத் தாண்டினேன். ஐந்தாம் தடத்துக்காரி மட்டும் இரண்டடி முன்னால். நாங்கள் இரண்டாம் இடம். கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாம் இடம். முதல் மூன்று பேருக்கு இறுதிச் சுற்று நிச்சயம். பாதையில் ஒட்டிய குறியை நான் மிதித்ததும் ஜோஸெட் சரியாகக் கிளம்பினாள். முதுகு தாழ்ந்து, தலை நேராக, திரும்பாமல்.

அப்போது ஐந்தாம் தடத்துக்காரி கத்தினாள். “ஹேண்ட்!”

ஜோஸெட்டின் கை பின்னால் நீண்டது.

நான் இன்னும் அவளை எட்டவில்லை. காற்றில் ஒரு வெறுங்கை எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுகிறவளுக்கு வேகம் குறையும். கையில் ஒன்றும் வராததால் தவறு புரிந்து அவள் கையை முன்னுக்கு இழுத்தாள். அந்த நொடியில் நான் அவள் முதுகில் மோதும் தூரத்துக்கு வந்துவிட்டேன். “ஹேண்ட்!” என்று கத்தினேன். மூன்றாம் தடத்துக்காரியும் “ஹேண்ட்!” ஆறாம் தடமும் “ஹேண்ட்!” எது நான்? எது உலகம்? அவள் கை தயங்கியது. பிறகு வந்தது, தாமதமாக. கோல் அவள் மணிக்கட்டில் பட்டுத் தெறித்து, பக்கத்துத் தடத்தில் உருண்டது.

நான் ஓடிப்போய் எடுத்துவந்து அவள் கையில் திணித்தேன். மற்ற ஏழு பேரும் முடித்து இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அகலமான பாதையில் ஜோஸெட் மட்டும் தனியாக ஓடினாள். அப்போது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டலை நான் சாகும் வரை மன்னிக்க மாட்டேன். எங்களைப் பிடித்துப்போனதால் தட்டினார்கள். தோற்றுப்போன குட்டித் தீவு என்றால் உலகத்துக்கு அத்தனை ஆசை. எவ்வளவு தைரியம், எவ்வளவு பெரிய மனசு என்று மறுநாள் பத்திரிகைகள் உருகின. எங்கள் மனசைக் காட்டவா அத்தனை தூரம் போனோம்? நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அதை எழுத ஒருவனுக்கும் பேனா எழும்பவில்லை.

ஓடி முடித்தவர்கள் வெளியே போகும் வழியில் ஒரு தடுப்புக் கம்பி. அதற்கு அந்தப் பக்கம் பத்திரிகைக்காரர்கள். எங்கள் ஊர் வானொலியின் கிளமான் அங்கே ஒலிவாங்கியோடு நின்றிருந்தான். நேரடி ஒலிபரப்பு. ஊரில் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டி வைத்திருக்கிறார்கள், ஜோஸெட்டின் அம்மா அங்கேதான் ரொட்டி பொரித்து விற்கிறாள். நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஃபோன்டனெல் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அவர் ஓடிய ஓட்டம் எங்களுடையதைவிட வேகம்.

“நேயர்களே, ஏற்பாடுகள் அனைத்தும் செவ்வனே இருந்தன” என்று பேசிக்கொண்டிருந்தார். “சங்கத்தின் தரப்பில் குறை ஏதும் இல்லை. துரதிர்ஷ்டவசமாக நம் கடைசி ஓட்டக்காரியின் கையில் யாரோ வெண்ணெய் தடவிவிட்டார்கள் போலும்.” சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு.

ஜோஸெட் என் பக்கத்தில் நின்றாள். அவள் அழவில்லை. அவள் வாய் மட்டும் ஓசையில்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தது. வெண்ணெய்க்கை. வானொலிக்கு வாய்க்கு வசதியான பெயர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த மனுஷன், அந்த வெண்ணெயை அவள் கையில் தடவிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கம்பிக்கு மேலாகக் கையை விட்டு ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். பத்வாவில்தான் பேசினேன், கோபத்துக்கு எனக்கு வேறு மொழி தெரியாது.

“ஊர்ல கேக்கறவங்க எல்லாம் நல்லாக் கேட்டுக்குங்க. நான் எர்மினா பேசறேன். ஜோஸெட் கையில வெண்ணெயும் இல்ல, வெளக்கெண்ணெயும் இல்ல. நாங்க ப்வான்னு சொல்லித்தான் இத்தனை நாள் கோல் மாத்துனோம். ஒரு தடவ கூட விழல. அது சந்தைப் பேச்சு, அசிங்கம், அதைக் கத்துனா ஜோஸெட்டைத் தூக்கிடுவேன்னு நேத்து சொன்னது யாரு தெரியுமா? இதோ கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறாரே, இவருதான். எட்டுப் பொண்ணுங்க ஒரே வார்த்தையக் கத்துனா எவளுக்குடா தெரியும் எது தன்னுதுன்னு?”

“நிறுத்து” என்றார் ஃபோன்டனெல். “இது ஒழுங்கீனம். கிளமான், ஒலிபரப்பை நிறுத்துங்கள்.”

கிளமான் தலையைச் சொறிந்தான். நிறுத்தவில்லை. நல்லவன்.

“உங்கம்மா மீன் வித்த வார்த்தை சார் அது!” என்றேன். “உங்களுக்கு ரொட்டி குடுத்த வார்த்தை!”

ஃபோன்டனெல் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். இஸ்திரி மடிப்பெல்லாம் ஒரே நொடியில் கலைந்தது.

“குடுடீ அத! நாய்க்குப் பொறந்தவளே! இப்பக் குடுக்கறியா, இல்ல பல்லு ஒண்ணொண்ணாப் பேக்கணுமா?”

சுத்தமான பத்வா. துறைமுகப் பக்கத்துப் பத்வா, மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பத்வா. ஒலிவாங்கி எங்கள் இரண்டு பேர் வாய்க்கும் நடுவில் இருந்தது. பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். கையை உதறி விடுவித்துக்கொண்டேன்.

“ப்வான்!” என்று கத்தி ஒலிவாங்கியை நீட்டினேன்.

அவர் கை நீண்டது. யோசிக்கவில்லை, தயங்கவில்லை. உள்ளங்கை விரிந்து, விரல்கள் பொருந்தி, அவ்வளவு அழகாக வாங்கிக்கொண்டது. லூஸியன் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பான். வாங்கின பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று ஃபோன்டனெல்லுக்கு உறைத்தது. க்ளோட்டில் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். டெல்ஃபீன்கூடச் சிரித்தாள். ஜோஸெட் மட்டும் சிரிக்கவில்லை.

இதோடு நியாயம் ஜெயித்தது என்று முடித்துவிடலாம். ஆனால் நியாயம் எந்த ஊரில் ஜெயித்தது, எங்கள் ஊரில் ஜெயிக்க? அந்த நேரத்தில் ஒலிபெருக்கி முன்னால் இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். வாழைத் தோட்டத்தில் இருந்தவர்கள், கடலில் இருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கேட்டது செய்தியைத்தான். செய்தி அரசாங்கத்துடையது. அதில் என் பேச்சு இல்லை, அவருடைய பத்வாவும் இல்லை. “கையில் வெண்ணெய்” மட்டும் காலையும் மாலையும் ஒலித்தது.

திரும்பும் விமானத்தில், அதே கழிப்பறைப் பக்கத்து இருக்கையில், ஜோஸெட்டின் காதில் ஓதிக்கொண்டே வந்தேன்.

“எறங்குனதும் எவனாவது கத்துவான். நூறு பேரு கத்தட்டும். திரும்பாத. முன்னால மட்டும் பாத்து நட. ரெண்டு மூணு வாரத்துல அவனுங்களுக்கே அலுத்துடும்.”

“எனக்கா சொல்லித் தர? திரும்பாம ஓடறதுதானடி என் பொழப்பு.”

சொன்னாளே தவிர, விரல் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

விமான நிலையத்தில் வாத்தியக் கோஷ்டி, அமைச்சர், மாலைகள். ஃபோன்டனெல்லும் மற்ற எட்டுப் பேரும் அமைச்சரோடு பெரிய மனிதர்களின் கதவு வழியாகப் போய்விட்டார்கள். அந்தக் கதவுக்கு வெளியே கார் நிற்கும், ஜனங்கள் நிற்க மாட்டார்கள். ஜனங்கள் இல்லாத இடத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் எப்படி விழும்? எங்களுக்குப் பொதுக் கதவு. வெளியே கம்பிவேலி நெடுகக் கூட்டம், தோளில் குழந்தைகள், வறுத்த கடலை விற்கிறவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள்.

பாதி பேர் கைதட்டினார்கள். ஜோஸெட் முன்னால் நடந்தாள், நான் ஓரடி பின்னால். வேலிப் பக்கமிருந்து ஒரு குரல், நன்றாக இழுத்து:

“ஏய், வெண்ணெய்க்கை!”

ஜோஸெட் திரும்பவில்லை. கூட்டம் சட்டென்று அமைதியானது. என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் காத்திருந்தார்கள். வாத்தியக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“அடியே, வெண்ணெய்க்கை! ரொட்டிக்குத் தடவக் கொஞ்சம் குடுத்துட்டுப் போ!”

அவள் நடந்தாள். அவளுடைய தோள்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அவள் அப்பாவைப் புதைத்த நாளில் குலுங்கிய அத்தனை தோள்களும் நினைவுக்கு வந்தன. அதற்கப்புறம் நான் யோசித்துச் செய்தது ஒன்றுமில்லை.

திரும்பினேன்.

“எவன்டா அவன்? எங்கடா இருக்க? ஆம்பளையா இருந்தா முன்னால வந்து சொல்லுடா!”

அப்புறம் வேலியே சாய்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“திரும்பிட்டா! டேய், எர்மினா திரும்பிட்டாடா! அவதான் வெண்ணெய்க்கை!”

கடலைக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டினாள். வாத்தியக்காரன் ஒருவன் மேளத்தில் மூன்று தட்டுத் தட்டி முத்திரை வைத்தான். சட்டம் சட்டம்தான். கூப்பிட்டது யாரை என்பது கணக்கில்லை, திரும்பியது யார் என்பதுதான் கணக்கு.

வண்டியில் ஏறினதும் ஜோஸெட் என் தோளில் குத்தினாள், வலிக்கிற மாதிரியே.

“நீ ஏன்டி திரும்புன? வழியெல்லாம் என்கிட்ட ஓதிட்டு, நீ ஏன்டி திரும்புன?”

“உனக்காகன்னு நெனைச்சுக்காத. கோவம் தாங்கல.”

அவள் அப்போதுதான் அழுதாள். பெல் ரோஷ் வரும் வரை அழுதாள்.

ஒழுங்கீனத்துக்காக எனக்கு இரண்டு வருடத் தடை விதித்தார்கள். கடிதத்தில் கையெழுத்து ஃபோன்டனெல்லுடையது. இப்போது அவர் செயலாளர் இல்லை, சங்கத் தலைவர். ஜோஸெட் இந்தப் பருவத்தில் மறுபடி ஓடுகிறாள், நன்றாக ஓடுகிறாள். வானொலி அவளை ஜோஸெட் மத்துரேன் என்று, அவள் அம்மா வைத்த பெயரால்தான் சொல்கிறது. நான் கடைக்குப் போனால் வெண்ணெய்க்கை, கோயிலுக்குப் போனால் வெண்ணெய்க்கை. போன வாரம் பாதிரியாரே வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூப்பிட்டால் திரும்புகிறேன். திரும்பி, கூப்பிட்டவனை உட்கார வைத்து, கோல் ஏன் விழுந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். ஃபோன்டனெல் பெயரை அவன் வாயால் ஒருமுறை சொல்ல வைத்த பிறகுதான் எழுந்திருக்க விடுகிறேன். நான் செத்த அன்று வானொலி ‘வெண்ணெய்க்கை என்று நன்கறியப்பட்டவர்’ என்று வாசிக்கும். தாராளமாக வாசிக்கட்டும். அதற்குள் இந்தப் பெயர் யார் செய்த வேலை என்று தெரியாத ஒரு ஆளையும் இந்தத் தீவில் நான் விட்டுவைக்கப் போவதில்லை.